பேரேட்டில் யாருடைய பெயர்?

எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பாசியப் பேரரசு செல்வத்தின் உச்சத்தில் இருந்தது. அதே காலத்தில் அதன் தெருக்களில், விலங்கு பூட்டிய கைதிகள் பிச்சை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். சிறையில் அவர்களுக்குச் சாப்பாடு போடுவார் இல்லை. கிடைத்த நாளில் உண்டார்கள், கிடைக்காத நாளில் பட்டினி கிடந்தார்கள். கலீபா ஹாரூன் அர்ரஷீதின் வேண்டுகோளுக்கிணங்கி வரிவிதிப்பு பற்றி ஒரு நூல் எழுதிய தலைமைக் காழி (நீதிபதி) அபூ யூசுஃப், அந்த நூலில் இந்தக் கைதிகளுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்குகிறார். பாவம் செய்துவிட்டார்கள் என்பதற்காக மனிதர்களைச் சங்கிலியோடு தெருவில் கையேந்த விடுவது பெரும் கொடுமை என்று அரசரிடமே சொல்கிறார்.

அதோடு நிறுத்தவில்லை. உணவு, தொடுகறிக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு மாதாமாதம் பணமாகக் கொடுங்கள் என்கிறார். ரொட்டியாகக் கொடுத்தால் காவலர்களும் சிறை அலுவலர்களும் எடுத்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நேர்மையான ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் சிறையில் உள்ளவர்களின் பெயர்களை ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். மாதம் பிறந்ததும் உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, கையிலேயே பணத்தைத் தர வேண்டும். தலைக்கு மாதம் 10 திர்ஹம். குளிர்காலத்துக்குச் சட்டையும் போர்வையும், கோடைக்குச் சட்டையும் இடுப்புத்துணியும், பெண்களுக்கு இவற்றுடன் முக்காடு. நாதியற்ற கைதி இறந்தால் உடல் ஓரிரு நாள் அப்படியே கிடக்கிறது என்றும், மற்றக் கைதிகள் காசு சேர்த்துக் கூலி கொடுத்துச் சுமக்கச் செய்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டதாகச் சொல்லி, கஃபன் துணிக்கும் (பிணத்தைப் போர்த்தும் துணி) அடக்கத்துக்கும் கருவூலமே பொறுப்பு என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, கைதிகளின் வழக்குகளை ஆளுநர்கள் நாள்தோறும் பார்க்க வேண்டும். பார்த்தாலே சிறையில் கூட்டம் குறையும் என்கிறார்.

‘கிதாபுல் கராஜ்’ என்ற இந்த நூலை எழுதிய அபூ யூசுஃப் கூஃபா நகரத்து எளிய குடும்பத்தில் பிறந்தவர், இமாம் அபூ ஹனீஃபாவின் மாணவர், 798இல் மறைந்தவர். நிலவரி பற்றிக் கேட்ட அரசருக்குக் கைதியின் போர்வையைப் பற்றியும் அவர் எழுதியதற்குக் காரணம் உண்டு. வசூலாகும் பணம் யாருடையது என்ற கேள்விக்கு அவரிடம் தெளிவான விடை இருந்தது. வரி, கால்வாய், சிறை எல்லாவற்றையும் அவர் அந்த விடையிலிருந்தே பார்த்தார்.

இஸ்லாமிய அரசியல் சிந்தனையில் மக்கள்நல அரசு என்ற கருத்தைத் தேடுகிற பல நூல்கள் கலீபாக்களின் கருணைக் கதைகளோடு நின்றுவிடுகின்றன. பசித்த பிள்ளைகளுக்காகத் தாய் வெறும் நீரை அடுப்பில் கொதிக்க வைத்திருப்பதைக் கண்டு, கலீபா உமர் மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து வந்த நிகழ்ச்சியை முஸ்லிம் வீடுகளில் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. நெஞ்சைத் தொடும் கதைதான். ஆனால் ஆட்சியாளர் இரவில் ஊரைச் சுற்றி வராத நாளில் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்பதே அரசியல் கேள்வி. அதற்கான விடையைப் பேரேட்டில்தான் தேட வேண்டும். அதில் யார் பெயரை எழுதினார்கள், யாரை விட்டார்கள், எழுதிய பெயரை அடிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது? இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டே போனால் இந்த மரபின் பெருமையும் தெரியும், அது முடிக்காமல் விட்ட வேலையும் தெரியும்.

இந்த மரபின் முதல் தூண் ஜகாத் என்ற கட்டாயக் கொடை. சேமிப்பில் ஆண்டுக்கு இரண்டரை சதவீதம். வானம் பார்த்த நிலத்தின் விளைச்சலில் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சும் நிலத்தில் இருபதில் ஒன்று. விவசாயியின் உழைப்பும் செலவும் கூடும் இடத்தில் கடமை பாதியாகிறது. ஐந்து ஒட்டகத்துக்குக் குறைவாக, நாற்பது ஆட்டுக்குக் குறைவாக வைத்திருப்பவர் ஒன்றும் தர வேண்டியதில்லை. பெறத் தகுதியானவர்களைக் குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் எட்டு வகையாக வரையறுக்கிறது. வறியவர், தேவையுள்ளவர், கடனில் மூழ்கியவர், வழிப்போக்கர் என்று செல்லும் அந்த வரிசையில் வசூல் பணியாளர்களும் இருக்கிறார்கள். ஆகவே கொடுப்பவர் தம் விருப்பப்படி ஏழைக்குக் கொடுக்கும் தர்மமாக மட்டும் ஜகாத் எண்ணப்படவில்லை. வசூலிக்க ஆள், பிரித்துத் தர முறை என்று ஓர் ஏற்பாடு தொடக்கத்திலேயே கருதப்பட்டது. நபிகள் நாயகம் மறைந்த 632இல், தொழுவோம், ஆனால் மதீனாவுக்கு ஜகாத் தர மாட்டோம் என்று சில குலங்கள் சொன்னபோது, முதல் கலீபா அபூபக்கர் படையெடுத்தார். தோழர்களிலேயே சிலர் தயங்கினார்கள். அவர் தயங்கவில்லை.

பேரேடு உமருடைய காலத்தில் (634–644) வந்தது. ஈரானின் சாசானிய அரசும் ரோமப் பேரரசின் கிழக்கு மாகாணங்களும் வீழ்ந்து மதீனாவுக்குச் செல்வம் குவிந்தபோது, அதைப் பிரிக்க ‘திவான்’ என்ற பதிவேட்டை அவர் ஏற்படுத்தினார். குறைஷி வம்சாவளியை நன்கறிந்த அகீல், மக்ரமா, ஜுபைர் ஆகிய மூவரிடம் பெயர்களை எழுதும் பணி ஒப்படைக்கப்பட்டது. கலீபாவின் குலத்தை முன்வரிசையில் வைத்து அவர்கள் எழுதியதை உமர் ஏற்கவில்லை. நபியின் குடும்பத்திலிருந்து தொடங்கி, நெருக்கத்தின் முறையில் போங்கள், உமரை அவன் இடம் வரும்போது எழுதுங்கள் என்று திருத்தினார் என்பது மரபு. பத்ருப் போரில் நின்றவருக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம், நபியின் துணைவியருள் ஆயிஷாவுக்கு 12,000 என்று தொகைகள் படிப்படியாக அமைந்தன.

பணத்தோடு தானியமும் உண்டு. அதை நிர்ணயித்த விதத்தை வரலாற்றாசிரியர் பலாதுரி குறித்து வைத்திருக்கிறார். உமர் ஒரு ஜரீப் (தானிய அளவை) தானியத்தை அரைத்துச் சுட்டு முப்பது பேருக்குக் காலையில் பரிமாறச் செய்தார், மாலையிலும் அப்படியே. முப்பது பேர் ஒரு நாள் உண்பது ஒருவர் முப்பது நாள் உண்பதற்குச் சமம். ஆகவே ஆளுக்கு மாதம் இரண்டு ஜரீப். ஆண், பெண், அடிமை எல்லோருக்கும் அதே அளவு. மனிதனுக்கு எவ்வளவு போதும் என்பதை ஆட்சியாளரின் தாராளத்துக்கு விடாமல், உண்ண வைத்துப் பார்த்து முடிவு செய்த இந்தக் காட்சி, மாவு மூட்டைக் கதையைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

குழந்தைகளுக்கான உதவித்தொகை பால் மறந்த பிறகே என்று முதலில் விதி இருந்தது. ஒரு வணிகக் கூட்டம் நகருக்கு வெளியே தங்கியிருந்த இரவில், விடாமல் அழுத குழந்தையின் தாயை உமர் விசாரித்தார். யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமலே அவள் சொன்னாள்: பால் மறந்த பிள்ளைக்குத்தான் உமர் பணம் தருகிறார், அதனால் சீக்கிரமே பால் மறக்கடிக்கிறேன். மறுநாள் விதி மாறியது. பிறந்த நாள் முதலே பங்கு உண்டு என்று அறிவிக்கப்பட்டது. நல்ல நோக்கத்தோடு வகுத்த தகுதி விதி, தாய் தன் பிள்ளையையே வருத்தும்படி செய்துவிடும் என்பதை அந்த ஆட்சி கண்டுகொண்டது. நலத்திட்டம் வகுக்கிற எந்த அதிகாரிக்கும் இன்றைக்கும் தேவைப்படும் அறிவு இது.

பங்கீட்டின் அடிப்படை பற்றி முதலிரண்டு கலீபாக்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. அபூபக்கர் எல்லோருக்கும் சமமாகப் பிரித்தார். இஸ்லாத்தில் முந்தி வந்த சிறப்புக்கு இறைவன் கூலி தருவான், இங்கே பிரிப்பது பிழைப்புக்கான பொருள், பிழைப்பில் சமமே நல்லது என்பது அவர் வாதம். உமரோ, நபியை எதிர்த்துப் போரிட்டவனையும் அவரோடு நின்று போரிட்டவனையும் ஒரே தட்டில் வைக்க மறுத்தார். உதவியைத் தேவைக்காகத் தருவதா, தொண்டுக்காகத் தருவதா என்ற இந்த விவாதம் இன்றுவரை எந்த நாட்டிலும் தீரவில்லை. தம் கடைசிக் காலத்தில், அடுத்த ஆண்டு உயிரோடு இருந்தால் எல்லோரையும் சமமாக்கிவிடுவேன் என்று உமர் சொன்னதாகக் குறிப்புகள் உள்ளன. 644இல் அவர் கொல்லப்பட்டார். ஏற்றத்தாழ்வு தங்கிவிட்டது, அடுத்த தலைமுறையில் உள்நாட்டுப் போராக வெடித்த கசப்பில் அதற்கும் பங்கு உண்டு.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தெற்கு இராக்கின் ஸவாத் சமவெளியை வென்றதும், வழக்கப்படி நிலத்தைப் படைவீரர்களுக்குப் பங்கிட வேண்டும் என்று பிலால், ஸுபைர், அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் போன்ற மூத்த தோழர்கள் வற்புறுத்தினார்கள். உமர் மறுத்தார். நிலத்தை இன்றைக்கே பங்கிட்டுவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்கு என்ன மிஞ்சும், விதவைகளையும் அநாதைகளையும் எதைக் கொண்டு காப்பது என்று கேட்டார். விவாதம் நாட்கணக்கில் நீண்டது. மதீனாவின் மண்ணின் மக்களான அன்ஸாரிகளில் பத்துப் பேரை அழைத்து நடுவில் வைத்துப் பேசினார். செல்வம் பணக்காரர்களுக்குள்ளேயே சுற்றிவரக் கூடாது என்று கூறும் குர்ஆனின் 59ஆம் அத்தியாயத்தில், பின்னர் வருவோரையும் உரிமையாளராகச் சேர்க்கும் வசனத்தை அவர் ஆதாரமாகக் காட்டியதும் எதிர்ப்பு அடங்கியது. நிலம் உழுதவர்களிடமே விடப்பட்டது. அதன் மீது கராஜ் என்ற நிலவரி விழுந்தது. உஸ்மான் இப்னு ஹுனைஃப் அளந்து கண்ட பரப்பு 3 கோடியே 60 லட்சம் ஜரீப் (இங்கே நில அளவை) என்று அபூ யூசுஃப் குறிக்கிறார். இறப்பதற்குச் சில நாள் முன்புகூட, நிலம் தாங்குகிற அளவுக்கு மேல் சுமத்திவிட்டீர்களா என்று அளவையாளர்களை உமர் கேட்டதாக புகாரியின் நபிமொழித் தொகுப்பில் பதிவு உண்டு. இன்னும் பிறக்காத தலைமுறைக்கும் இன்றைய செல்வத்தில் பங்கு உண்டு என்ற இந்த முடிவை, இஸ்லாமிய அரசியல் சிந்தனையின் மிகத் துணிவான முடிவுகளில் ஒன்றாகவே நான் பார்க்கிறேன்.

இவற்றைச் சொல்லிவிட்டு, உலகின் முதல் மக்கள்நல அரசு இதுவே என்று முரசறைவது எளிது. அதைச் செய்யாமல் இருப்பதே நேர்மை. திவானில் முதன்மையாக இடம்பெற்றவர்கள் கூஃபா, பஸ்ரா, ஃபுஸ்தாத் பாளைய நகரங்களின் அரபுப் படைவீரர்களும் அவர்கள் குடும்பங்களும். வரி கட்டிய இராக் விவசாயியின் பெயர் வரிக் கணக்கில் இருந்தது, உதவித்தொகைக் கணக்கில் இல்லை. வென்றவர்களுக்கு வெல்லப்பட்டவர்கள் கொடுத்த ஓய்வூதியம் என்று ஒருவர் இதைக் கடுமையாகச் சொன்னால், முழுக்க மறுக்க முடியாது. மேலும், நமக்குக் கிடைக்கும் விவரங்களில் பெரும்பாலானவை ஒன்றரை நூற்றாண்டு முதல் இரண்டு நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டவை. தொகைகள் நூலுக்கு நூல் மாறுபடுகின்றன. இலட்சிய ஆட்சியின் நினைவாகப் பிற்காலத்தார் மெருகேற்றியவையும் அதில் கலந்திருக்கும்.

ஆனாலும் அந்த எல்லையைத் தாண்டும் குரல்கள் அதே நூல்களில் கேட்கின்றன. வாசலில் பிச்சை கேட்டு நின்ற பார்வையற்ற யூத முதியவர் ஒருவரிடம் உமர் காரணம் விசாரிக்கிறார். ஜிஸ்யா (முஸ்லிம் அல்லாதோர் மீதான தலைவரி), வறுமை, முதுமை என்கிறார் அவர். கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துச் சென்று இருந்ததைக் கொடுத்துவிட்டு, கருவூலப் பொறுப்பாளரிடம் உமர் சொல்லியனுப்பிய செய்தியின் சாரம் இது: இளமையில் இவரிடம் வாங்கித் தின்றுவிட்டு முதுமையில் கைவிட்டால் நாம் நீதி செய்தவர்கள் ஆக மாட்டோம். அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் வரி நீக்கப்பட்டது. ஹீரா நகரக் கிறித்தவர்களோடு காலித் இப்னுல் வலீத் செய்த உடன்படிக்கையிலும், உழைக்க முடியாத முதியவருக்கும் நோயுற்றவருக்கும் நொடித்துப்போனவருக்கும் வரி நீக்கி, பைத்துல்மால் என்ற பொதுக் கருவூலத்திலிருந்து பராமரிக்கும் விதி இருப்பதாக அபூ யூசுஃப் எழுதுகிறார். இந்த இரண்டையும் ஹாரூன் அர்ரஷீதின் மேசைக்குக் கொண்டுபோனதுதான் முக்கியம். அரசர் கேட்க விரும்பும் கதைகளையா அவர் தேர்ந்தெடுத்தார்? வரி கட்டியவர் யாராக இருந்தாலும் அவர் மீது அரசுக்குக் கடமை உண்டு என்ற நெறியை முன்னுதாரணமாக நாட்டினார்.

உமய்யா மரபுக் கலீபாக்களில் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (717–720) மூன்றாண்டுகூட முழுதாக ஆளவில்லை. அவருடைய கடிதம் ஒன்றை அபூ உபைதின் ‘கிதாபுல் அம்வால்’ காத்து வைத்திருக்கிறது. உதவித்தொகை கொடுத்த பிறகும் பணம் மிஞ்சுகிறது என்று எழுதிய இராக் ஆளுநருக்கு, ஊதாரித்தனம் இல்லாமல் கடன்பட்டவர்களின் கடனை அடைக்கச் சொல்கிறார். அதற்கும் மேல் மிஞ்சினால் வசதியற்ற இளைஞர்களின் திருமணச் செலவு. அதற்கும் மேல் என்றால், நிலத்தில் பயிரிட வகையற்ற ஜிஸ்யா செலுத்துவோருக்குக் கடன். அவர்கள் நமக்கு ஓராண்டு ஈராண்டுக்கு மட்டும் தேவைப்படுகிறவர்கள் அல்லர் என்ற காரணத்தோடு.

இந்த மரபைச் சட்டமாக வடித்தபோது என்ன நடந்தது? 1058இல் மறைந்த மாவர்தீ எழுதிய ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ ஆட்சியியல் நூல்களில் தலையானது. கருவூலத்தின் மீதான உரிமைகளை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். படைவீரர் ஊதியம், ஆயுதங்களின் விலை போன்றவை பெற்றதற்கு ஈடானவை. கருவூலம் காலியானாலும் கடனாக நிற்கும். பொதுநலனுக்கான செலவு, பணம் இருந்தால் மட்டுமே கடமை. இல்லாவிட்டால் பொறுப்பு சமுதாயத்தின் தலையில் விழும். ஜகாத்தில் கருவூலம் வெறும் காப்பாளர். வந்தால் ஏழைக்குச் சேர்ப்பிக்க வேண்டும், வராவிட்டால் கடன் இல்லை. தர்க்கம் சீரானது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்: பஞ்ச காலத்தில் வாளேந்தியவனின் உரிமை நிலைத்திருக்கும், பசித்தவனின் உரிமை கரைந்துவிடும். எந்த நூற்றாண்டில் எந்த அரசு செலவைக் குறைக்க உட்கார்ந்தாலும் முதலில் கை வைக்கிற இடம் இதுவாகவே இருக்கிறது.

மாவர்தீ வாழ்ந்த அதே காலத்தில், இஸ்லாமிய உலகின் மறுகோடியில், குர்துபாவின் இப்னு ஹஸ்ம் (994–1064) வேறு திசையில் போனார். அமைச்சர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்து, உள்நாட்டுப் போரில் எல்லாவற்றையும் இழந்து, சிறையும் நாடுகடத்தலும் கண்டவர். ‘அல்முஹல்லா’வில் அவர் எழுதும் விதி இது: ஒவ்வோர் ஊரின் செல்வந்தர்களும் அவ்வூர் ஏழைகளைத் தாங்கக் கடமைப்பட்டவர்கள், ஜகாத் போதாவிட்டால் ஆட்சியாளர் அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டும். எதுவரை? அதையும் எழுதுகிறார். தேவையான உணவு, கோடைக்கும் குளிருக்கும் தனித்தனி உடை, மழை, வெப்பம், வெயில், வழிப்போக்கர் கண் ஆகியவற்றிலிருந்து காக்கும் வீடு.

அந்தக் கடைசிச் சொற்கள் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துகின்றன. மழைக்கும் வெயிலுக்கும் கூரை வேண்டும் என்று யாரும் எழுதிவிடலாம். தெருவில் போகிறவர் கண்ணில் படாமல் வாழும் உரிமை ஏழைக்கும் உண்டு என்று பதினோராம் நூற்றாண்டிலேயே சட்ட நூலில் சேர்ப்பதற்கு, வறுமையை அவமானமாக அனுபவித்தவரை அறிந்திருக்க வேண்டும். இன்னும் ஒரு படி ஏறி, உயிர் போகும் பசியில் இருப்பவர் மிகுதியாக வைத்திருப்பவரிடம் போராடி உணவைப் பெறலாம் என்கிறார். அப்போராட்டத்தில் பசித்தவர் கொல்லப்பட்டால் பழி கொன்றவர் மீது, தர மறுத்தவர் கொல்லப்பட்டால் அவர் உரிமையைத் தடுத்த கலகக்காரர். அபூபக்கர் ஜகாத்துக்காக நடத்திய போரையே இதற்கும் அளவுகோலாகக் கொள்கிறார்.

பெரும்பான்மைச் சட்ட அறிஞர்கள் இவ்வளவு தூரம் வரவில்லை. ஜகாத்துக்கு மேல் செல்வத்தில் வேறு உரிமை இல்லை என்று நின்றவர்கள் பலர். ஜகாத்திலும் ஒரு பெரிய கதவு முன்பே திறந்துவிடப்பட்டிருந்தது. மூன்றாம் கலீபா உஸ்மான் காலத்திலிருந்து, கண்ணுக்குத் தெரியும் பயிர், கால்நடைகளுக்கு மட்டும் அரசு வசூலிப்பது என்றும், மறைவாக இருக்கும் தங்கம், வெள்ளி, வணிகப் பொருளை உரிமையாளரின் மனசாட்சிக்கு விடுவது என்றும் நடைமுறை வந்தது. வீட்டுக்குள் புகுந்து சோதிக்காத அரசு நல்ல அரசுதான். ஆயினும் விவசாயியின் நெற்குவியல் அரசின் கண்ணிலும், வணிகரின் பெட்டி ஆண்டவன் கண்ணில் மட்டும் என்றும் ஆகிவிட்டது.

உரிமை மறுக்கப்பட்டவர் முறையிட இடமே இல்லையா? இருந்தது. ‘மளாலிம்’ என்ற முறையீட்டு மன்றத்தைப் பற்றி மாவர்தீ விரிவாக எழுதியிருக்கிறார். வரி அதிகாரிகளின் அத்துமீறல், ஊதியம் பெறுவோருக்குக் குறைத்தோ தாமதித்தோ கொடுத்தல், அறக்கட்டளைகளில் முறைகேடு எல்லாம் அதன் வரம்பில் வருகின்றன. ஆனால் அதன் தலைமையில் உட்கார்ந்தவர் ஆட்சியாளர் அல்லது அவர் நியமித்தவர். அதிகாரி மீது புகார் சொல்லலாம். கருவூலத்தைத் தம் சொந்தப் பெட்டியாக்கிக்கொண்ட ஆட்சியாளர் மீது யாரிடம் சொல்வது? ஏழையின் பங்கை உரிமை என்று பெயரிட்டுச் சொன்ன சட்ட அறிஞர்கள், அதை ஆட்சியாளருக்கு எதிராக நிலைநாட்டும் வழியைக் கட்டித் தரவில்லை. அறிவுரையோடும் மறுமை பற்றிய எச்சரிக்கையோடும் நின்றார்கள். இந்த மரபின் மையக் குறை இதுதான் என்பது என் முடிவு.

மக்கள் வேறு வழி கண்டார்கள். ஆட்சியாளர் கை நீளாத இடமாக வக்ஃபு என்ற அறக்கட்டளை வளர்ந்தது. டமாஸ்கஸில் நூருத்தீன் 1154இல் கட்டிய மருத்துவமனை, கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய மருத்துவமனை, எருசலேமில் ஹுர்ரம் சுல்தான் 1552இல் நிறுவிய அன்னசாலை என்று நலப்பணிகள் அறக்கட்டளைகளுக்கு மாறின. மகத்தான பணிகள், ஆனால் நிறுவியவர் எழுதிவைத்ததே என்றைக்கும் சட்டம், ஊரின் தேவை மாறினாலும் பத்திரம் மாறாது. எந்த ஊருக்கு எது வேண்டும் என்று முழுவதையும் பார்க்கும் பொறுப்பு யாரிடமும் இல்லாமல் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் வக்ஃபு நிலங்கள் மீது அந்நாட்டு ஆட்சியாளர் முஹம்மது அலி கைவைத்தபோது அந்தப் பாதுகாப்பும் உடைந்தது.

இருபதாம் நூற்றாண்டில் கேள்வி திரும்பி வந்தது. 1937 மே 28 அன்று ஜின்னாவுக்கு எழுதிய கடிதத்தில் இக்பால், முஸ்லிம்களின் பிரச்சினை ரொட்டிப் பிரச்சினை என்றும், ஷரீஅத்தைச் சரியாகப் புரிந்து செயல்படுத்தினால் எல்லோருக்கும் குறைந்தபட்சம் பிழைப்புக்கான உரிமையாவது உறுதியாகும் என்றும் எழுதினார். எகிப்தில் சையித் குத்ப் 1949இல் இஸ்லாத்தில் சமூக நீதி பற்றியும், சிரியாவில் முஸ்தஃபா அஸ்ஸிபாயீ 1959இல் இஸ்லாமியச் சமதர்மம் பற்றியும் எழுதினார்கள். இவர்களுள் ஆழமாகச் சென்றவர் நஜஃபின் ஷியா அறிஞர் முஹம்மது பாக்கிர் அஸ்ஸத்ர். ‘இக்திஸாதுனா’வில் அரசின் சமூகப் பாதுகாப்புக் கடமைக்கு இரண்டு அடித்தளங்களைக் காட்டுகிறார்: மனிதர்கள் ஒருவரையொருவர் தாங்கும் பொறுப்பு ஒன்று, நாட்டின் இயற்கை வளத்தில் சமூகம் முழுவதற்கும் உள்ள உரிமை மற்றொன்று. இரண்டாவதில் கொடுப்பவர், வாங்குபவர் என்ற மேடு பள்ளமே இல்லை. எண்ணெய் பொங்கும் இராக்கில் அமர்ந்து அப்படி எழுதியவரை 1980 ஏப்ரலில் சதாம் உசேன் அரசு கொன்றது.

இயற்கை வளத்தைக் குடிமக்களுக்குப் பங்கிட்ட நாடுகள் வளைகுடாவில் இருக்கின்றன. முதுமை, நோய், இயலாமையில் குடிமக்களுக்கு உதவுவது அரசின் கடமை என்று குவைத்தின் 1962ஆம் ஆண்டு அரசியலமைப்பு எழுதிவைத்தது. கல்வி, மருத்துவம், வீட்டுவசதி எல்லாம் வந்தன. ஆனால் கத்தாரிலும் அமீரகத்திலும் குடிமக்கள் மொத்த மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினரே. ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் போய், அந்த நகரங்களைக் கட்டிவிட்டு, முதுமைக்குப் பைசா இல்லாமல் ஊர் திரும்புகிறவர்களை நம் தெருக்களில் பார்க்கிறோம். அவர்களில் பலர் முஸ்லிம்கள்; தொழுகை வரிசையில் தோளோடு தோள் நின்றவர்கள், பேரேட்டில் இல்லை. இளமையில் உழைப்பை வாங்கிக்கொண்டு முதுமையில் கைவிடக் கூடாது என்று உமர் சொன்ன நெறி இவர்களுக்கும் பொருந்த வேண்டும் என்று எழுதும் அரபு அறிஞர்களின் குரல் இன்னும் உரக்க வேண்டும்.

பாகிஸ்தான் வேறு வழியில் முயன்றது. 1980 ஜூனில் ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் பிறப்பித்த ஜகாத், உஷ்ர் (விளைச்சல் வரி) அவசரச் சட்டப்படி, ரமலான் முதல் நாளில் வங்கிச் சேமிப்புக் கணக்குகளிலிருந்து இரண்டரை சதவீதம் பிடித்தம் செய்யப்பட்டது. பழைய கேள்வி அப்படியே எழுந்தது: வங்கிப் பணம் வெளிப்படையான சொத்தா, மறைவான சொத்தா? வெளிப்படை என்று உலமாக்களில் சிலர் தீர்ப்பு எழுதினார்கள். ஷியாக்கள் தங்கள் சட்ட மரபில் இப்படி அரசு பிடிப்பதற்கு இடமில்லை என்று ஜூலையில் இஸ்லாமாபாத் தலைமைச் செயலகத்தை முற்றுகையிட்டார்கள். உறுதிமொழி கொடுத்து விலகும் உரிமையைப் பெற்றார்கள். மற்றவர்களோ ரமலானுக்கு முன்பே பணத்தை எடுத்து வீட்டில் வைக்கப் பழகினார்கள். வங்கியில் சிறு சேமிப்பு வைத்திருந்தவர் மாட்டிக்கொண்டார். நிலமும் ஆலையும் வைத்திருந்தவர் மாட்டவில்லை. ஏழைக்குச் சென்ற உதவி சிறியது. உள்ளூர்க் குழுக்களில் வேண்டியவர், வேண்டாதவர் பார்த்தார்கள் என்ற புகார் தொடர்ந்தது. ஜகாத் என்ற பெயரை மீட்டார்கள். ஏழை அதைத் தன் உரிமையாக எங்கே போய்க் கேட்பது என்பதை யாரும் எழுதவில்லை.

ஜகாத்தை முஸ்லிம்களுக்கு மட்டுமே தரலாம் என்ற பெரும்பான்மைக் கருத்தால் விடுபட்டவர்களுக்காக, சிறுபான்மையினரையும் சேர்த்து, 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாகிஸ்தான் பைத்துல்மால் அமைந்தது. யூத முதியவருக்குக் கருவூலத்தைத் திறந்த முன்னுதாரணத்தோடு பார்த்தால் நியாயமான சேர்ப்பு. ஆனால் அந்த நாட்டில் மிகப் பெரிய அளவில் ஏழைகளிடம் பணம் கொண்டுசேர்த்தது, மார்க்கப் பெயர் எதுவும் தாங்காத ஒரு திட்டம்: 2008இல் தொடங்கிய பேநசீர் வருமான ஆதரவுத் திட்டம். பணம் வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வருகிறது. வீட்டுப் பெண்ணின் பெயரில் போகிறது. நாடு முழுவதும் வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பிலிருந்து பட்டியல் உருவாகிறது. எழுதப்பட்ட பெயர், பெயருக்குரியவர் கையில் பணம் என்று அபூ யூசுஃப் கேட்டவை இங்கே இருக்கின்றன. இது இஸ்லாமியத் திட்டமா என்று விவாதிப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், பெயர்ப்பலகையைவிட அந்தப் பட்டியல் எப்படி நடக்கிறது என்பதே சான்று.

அங்கேயும் 2019 டிசம்பரில் 8,20,165 பெயர்கள் ஒரே முடிவில் நீக்கப்பட்டன. வெளிநாட்டுப் பயணம், பெயரில் வாகனம், மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் தொலைபேசிக் கட்டணம், குடும்பத்தில் அரசு ஊழியர் என்பவை அளவுகோல்கள். நீக்கப்பட்டவர்களில் வசதியாக இருந்துகொண்டே வாங்கியவர்களும் இருந்தார்கள். ஆனால் வாழ்வில் ஒரே ஒரு முறை உம்ராவுக்குப் போய் வந்த விதவைக்கும் வெளிநாட்டுப் பயணம் என்ற அளவுகோல் ஒன்றுதான். பால் மறந்த பிள்ளைக்கே பங்கு என்ற பழைய விதியைப் போல. அவளுடைய வறுமையை நேரில் பார்த்து முடிவை மாற்றும் அதிகாரம் ஒருவருக்கு இருக்க வேண்டும். 1983இல் அதே ஜியா ஆட்சியில் அமைந்த வஃபாக்கி முஹ்தஸிப் என்ற முறையீட்டு அலுவலகம் மத்திய அரசுத் துறைகள் மீதான புகார்களை விசாரிக்கிறது. இந்தத் திட்டம் பற்றிய மனுக்களும் அங்கே வருகின்றன. மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. முஹ்தஸிபை நியமிப்பவர் இன்றும் நாட்டின் தலைவர்தான்; முஹ்தஸிப் தரும் தீர்வுக்கு எதிராக மேல்முறையீடு போவதும் அதே தலைவரிடம்தான். மளாலிம் மன்றத்தில் ஆட்சியாளர் தாமே அமர்ந்த ஏற்பாடு அந்த இடத்தில் இன்னும் மாறவில்லை. இஸ்லாமிய மக்கள்நல அரசைப் பற்றி இனி எழுத வருகிறவர்கள் முதலில் எழுத வேண்டிய அத்தியாயம் அது.